பலசரக்குக் கடையின் பழைய பற்று நோட்டை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அம்பாசமுத்திரம் பக்கம் பலசரக்குக் கடை நடத்திய உங்கள் தாத்தாவின் நான்கு நோட்டுகள் பரணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அவற்றில் உள்ள குறிகளுக்கும் எண்களுக்கும் என்ன பொருள் என்பது வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. கடைசி நோட்டில் ஊர்க்காரர்கள் வைத்த பாக்கியைக் கூட்டிப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறீர்கள். "ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தே கடையை அழித்தார்" என்று வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவருவது உண்மைதானா என்பது உள்ளே இருக்கும் கேள்வி. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றை இப்போதே அழுத்தமாகச் சொல்வேன்: கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் வைத்து உங்கள் தாத்தாவை ஏமாளி என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

நான் வீரவநல்லூரில் ஒரு பலசரக்குக் கடையில் பையனாகச் சேர்ந்து, பொட்டலம் மடிக்கக் கற்று, அதே கடையில் கணக்கு எழுதப் பழகியவன். பிற்பாடு சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் கடைகளுக்கு விற்பனை வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஆகவே நான் சொல்வதெல்லாம் தாமிரபரணிக் கரை ஊர்களின் கடை வழக்கம். கோவில்பட்டிக் கரிசல் பக்கமும், உடன்குடித் தேரிப் பக்கமும் விளைச்சல் வேறு, கூலி வேறு. அங்கே கடை ஓடிய விதமும் மாறும். உங்கள் தாத்தா எங்கள் பக்கத்துக்காரர் என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன்.

முறையாகக் கணக்கு வைத்த கடையில் மூன்று புத்தகங்கள் இருக்கும். அன்றாட வரவுசெலவைத் தேதிவாரியாக எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்து ஏற்றுவது பேரேடு. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பது ஐந்தொகை. சின்னக் கடைகளில் ஐந்தொகை எடுக்கிற வழக்கம் குறைவு. நாள்வழிக்குப் பதிலாகத் துண்டுச் சிட்டையில் குறித்துக்கொண்டு, இரவில் பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சிட்டையைக் கம்பியில் குத்திவிடுவார்கள். உங்களிடம் இருப்பது நீளவாக்கில், பக்கத்துக்கு ஓர் ஆள் பெயருடன் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பேரேடுதான், கடைப் பேச்சில் பற்று நோட்டு. விற்பனை வரிக்குக் காட்டிய பில் புத்தகம் இதனோடு சேராது. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

குறிகளைப் பார்ப்போம். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்கும், மூலைகளில் மஞ்சள் தடவிய கறை இருக்கும். ஆள் பக்கங்களில் ௶ என்பது பற்று, அதாவது அவர் வாங்கியது. ௷ என்பது வரவு, அவர் கொடுத்தது. ௸ என்பது மேற்படி. ௹ ரூபாய். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். அச்சில் இப்படித் தெளிவாகத் தெரிகிறவை கையெழுத்தில் ஒரே சுழிப்பாக இருக்கும். ஆனால் ஒரே ஆள் ஆயிரம் முறை எழுதியதால் எப்போதும் ஒரே மாதிரி சுழித்திருப்பார். நான்கு பக்கம் பார்த்தால் கண் பழகிவிடும். எண்களைத் தமிழில் எழுதியிருந்தால் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்து வருவதை நினைவில் வையுங்கள். ௩௱௪௰ என்றால் முந்நூற்று நாற்பது. இதை வெறும் இலக்கங்களாகப் படித்தால் கணக்கு தாறுமாறாகிவிடும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் பழைய பத்திரங்களிலும் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு போடுகிற வழக்கம் இருந்தது. உங்கள் நோட்டில் 1131 என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது கொல்லம் ஆண்டு. நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825-ஐக் கூட்டுங்கள். ஆக 1131 என்பது 1955 ஆவணியிலிருந்து 1956 ஆடி வரை. பக்கத்திலேயே மன்மத அல்லது துன்முகி என்று தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மன்மத 1955 சித்திரையில் பிறந்தது, துன்முகி 1956 சித்திரையில்.

2-6-3 என்று கோடு போட்டுப் பிரித்த எண்கள் ரூபாய், அணா, பை. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி, துன்முகி பங்குனியில், நயா பைசா வந்தது. நாலணாவுக்கு 25 நயா பைசா என்பது சரியாகப் பொருந்தியது. ஓர் அணாவுக்கு ஆறேகால் வரும். அந்தக் கால் பைசாவை யார் விடுவது என்பதே அப்போது கடை வாசலில் பெரிய வழக்கு. ஓர் அணாவை 6 என்றும், மூன்று அணாவை 19 என்றும் மாற்றிய அட்டவணையைக் கடைகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். உங்கள் நோட்டில் மூன்று பத்தியாக இருந்த எண்கள் இரண்டு பத்தியாக மாறுகிற இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் 1957-ஐ ஒட்டித்தான் இருக்கும். சில பெரியவர்கள் அதற்குப் பிறகும் அணாவில் எழுதினார்கள் என்பதால் ஓராண்டு முன்பின் இருக்கலாம்.

எடையைப் பொறுத்தவரை, நாற்பது பலம் ஒரு வீசை; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. புளி, வற்றல், கருப்பட்டி, வெல்லம் எல்லாம் பலத்திலும் வீசையிலும் இருக்கும். 1958 அக்டோபரில் கிலோ எடைகள் படிப்படியாக வரத் தொடங்கின. அரிசி, பயறு, எண்ணெய் ஆகியவற்றை முகந்துதான் கொடுத்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. இந்த வாய்ப்பாடு உறுதியானது. ஆனால் நாழியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே ஒரு நாழி அரிசியை இத்தனை கிராம் என்று மாற்றி அன்றைய விலையை இன்றைய விலையோடு ஒப்பிடப் பார்க்காதீர்கள். அந்த ஒப்பீடு நிற்காது.

சாமான் பெயருக்குப் பக்கத்தில் பொருள் விளங்காத ஒற்றை எழுத்துகள் வருவதாகச் சொல்கிறீர்கள். அது கொள்முதல் விலையைக் குறிக்கிற மறைவெழுத்தாக இருக்கலாம். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லையோ தொடரையோ தேர்ந்தெடுத்து, ஒன்று முதல் சைபர் வரை ஒவ்வோர் எழுத்தாக வைத்துக்கொள்வது வியாபாரிகளின் பழைய உத்தி. வாங்குகிறவர் எட்டிப் பார்த்தாலும் அசல் விலை தெரியாது. இதை என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதே எழுத்துகள் மூட்டை வாங்கிய பக்கத்திலும் வந்தால் ஊகம் வலுப்படும். ஆள் பக்கத்தில் மட்டும் வந்தால், யார் கையில் சாமான் கொடுத்தனுப்பியது என்பதன் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி உள்ளே இருக்கிற கேள்விக்கு வருகிறேன். கடை எப்படி ஓடியது என்று தெரியாமல் நோட்டைப் படித்தால் எண்கள்தான் மிஞ்சும். அதனால் நான் வேலை பார்த்த கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தக் கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைத்தது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைக்குக் கதவு கிடையாது. எண் போட்ட பலகைகள். வரிசை மாறினால் கடைசிப் பலகை பள்ளத்தில் இறங்காது. உப்பு மூட்டை இரவிலும் வாசலிலேயே கிடக்கும். உள்ளே நுழைந்ததும் வாயை மடித்துவிட்ட சாக்குகளில் உளுந்து, துவரை, பாசிப்பயறு, பொரிகடலை. அதற்குப் பின்னால் ஓலைப்பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி. மண்ணெண்ணெய்த் தகரம் மட்டும் கொல்லைப்புறத் திண்ணையில். அரிசிப் பக்கம் அதைக் கொண்டுவந்தால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். தலைக்கு மேலே சணல் உருண்டை தொங்கும். பொட்டலம் மடித்து, கை உயர்த்தி நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் அறுத்துவிட வேண்டும். கத்தி எடுத்தால் பழகாதவன் என்று பொருள்.

அவருக்குச் சில முறைமைகள் இருந்தன. நாழியில் அரிசி முகந்து போடும்போது முதல் அளவுக்கு "லாபம்" என்றுதான் சொல்வார், இரண்டாவதிலிருந்துதான் எண். கல்யாணப் பட்டியல் எழுதினால் முதல் வரி மஞ்சள். விளக்கு வைத்த பிறகு உப்பு கொடுக்க மாட்டார். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நடுச்சாமத்திலும் பலகையைக் கழற்றுவார். யாரும் கேட்டு வருவதற்கு முன்பே தேங்காய், எண்ணெய், கற்பூரம், வெற்றிலை, சர்க்கரை, காப்பித் தூள் எல்லாம் ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்துவிடும். காரியம் முடிகிற பதினாறாம் நாள் வரை அந்தப் பற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நோட்டில் மட்டும் அன்றைக்கே எழுதிவிடுவார். எழுதும்போது சாமானையும் விலையையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். படிக்கத் தெரியாதவர் காதிலும் அது விழ வேண்டும் என்பதற்காக. பல வீடுகளில் இதே பற்றைக் குறித்த சின்ன நோட்டு ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

கடனை அவர் மறுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் கட்டுப்படுத்தத் தெரிந்தவர். ஒரு கிலோ பருப்புக் கேட்டு வந்தவருக்கு அரைக் கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டி, "மீதியைப் புதுப் பருப்பு வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் பழையது" என்று சொல்வார். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் புரியாது. கேட்டவருக்கு முழுதும் புரிந்துவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, வற்றல் இவற்றுக்குத்தான் பற்று. பீடி, சிகரெட், சோப்பில் வாசனைச் சோப்பு, இவையெல்லாம் ரொக்கம். உங்கள் தாத்தாவின் நோட்டில் சாமான்களைக் கவனியுங்கள். தின்னும் பொருள்கள் மட்டுமே இருந்தால் அவரும் இதே கோட்டைப் போட்டு வைத்திருந்தார் என்று கொள்ளலாம். ஒரே ஆளுக்கு அளவுகள் திடீரென்று பாதியாகக் குறைகிற இடம் வந்தால், அங்கே அவர் கடிவாளத்தை இழுத்திருக்கிறார்.

கையில் காசு எப்போது வரும் என்பதைப் பொறுத்தே பற்று ஏறி இறங்கும். நம் பக்கத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெல். ஆனியில் தென்மேற்குப் பருவமழையால் பாபநாசம் அணைக்கு நீர் வந்ததும் கார் தொடங்கி, புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். ஐப்பசி, கார்த்திகையில் நடுகிற பிசானம் மாசி, பங்குனியில் கண்டுமுதல் ஆகும். ஆகவே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உழுகிறவர் பக்கத்தில் ஆடி, ஆவணியில் பற்று மட்டுமே இருக்கும். வரவுக் குறியே தென்படாது. பொங்கலும் பிசான அறுவடைக்கு முன்னால் வந்துவிடுவதால் பொங்கல் சாமானெல்லாம் கடன்தான். மாசி கடைசியில் ஒரே நாளில் பெரிய வரவு ஒன்று விழும், சில சமயம் நெல்லாகவே. நெசவுக்காரர், பீடி சுற்றுகிற வீடு இவர்களுக்கு வாரக் கூலி; அவர்கள் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு சின்ன வரவு தவறாமல் இருக்கும். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளி என்றால் மாதத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு முன்னால் போனஸ் வந்ததும் ஒரு பெரிய வரவு. பக்கத்தில் தொழில் எழுதாவிட்டாலும், வரவுத் தேதிகளைக் கொண்டே அவர் என்ன வேலை பார்த்தார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நான் பழைய நோட்டுகளில் மிகவும் ரசித்துப் படிப்பது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மாதம் 5,000 ரூபாய்க்குக் கடனில் விற்கிற கடை. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அறுவடையில், முழுதாகத் தீர்க்கிறவர்கள். அறுவடைக்கு முதல் நாள் நோட்டில் 30,000 ரூபாய் நிற்கும். அறுவடை முடிந்தால் எதுவும் நிற்காது. மறு மாதமே மீண்டும் ஏறத் தொடங்கும். இருபது ஆண்டில் அந்தக் கடை கடனில் விற்றது 12 லட்சம். அந்த 30,000 அதில் நூற்றுக்கு இரண்டரை. கடை நடக்கிறவரை அது நட்டமே இல்லை. கால்வாயில் ஓடிக்கொண்டிருக்கிற நீர். முதலாளி ஓர் ஆடி மாதத்தில் படுத்துவிட்டால், அல்லது கடையைத் திடீரென்று மூட நேர்ந்தால், அந்த நீர் அப்படியே நோட்டில் தங்கிவிடும். நீங்கள் கூட்டிப் பார்த்தது அந்தக் கடைசிச் சுற்றுப் பாக்கியாக இருக்கக்கூடும். அத்தனை ஆண்டு நட்டமும் சேர்ந்து குவிந்ததாக அதை எண்ணிக்கொள்வதுதான் பிழை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணாச்சி சித்திரை முதல் நாள் புதுக் கணக்குத் தொடங்கும்போது பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வராது என்று மனத்துக்குப் பட்டதைப் புது நோட்டுக்கு ஏற்றவே மாட்டார். ஊரைவிட்டுப் போனவர், பிழைப்பு நொடித்த வீடு, ஆதரவற்ற விதவை, இப்படி. நான் ஒருமுறை, "இந்தப் பக்கம் விட்டுப்போயிற்று, அண்ணாச்சி" என்றபோது, "விட்டுப்போகவில்லை தம்பி, விட்டாயிற்று" என்றார். நான் பிற்பாடு கணக்கு எழுதிய கடைகளிலும் சின்ன வித்தியாசங்களோடு இதே வழக்கம் இருந்தது. உங்கள் தாத்தாவும் இப்படிச் செய்தவர் என்றால், வாராக்கடன் எல்லாம் ஆண்டுக்காண்டு கழிந்துபோய், கடைசி நோட்டில் இருப்பதெல்லாம் அவர் வரும் என்று நம்பிய பாக்கிதான். இரண்டு அடுத்தடுத்த நோட்டுகளை வைத்துக்கொண்டு, பழையதில் பாக்கியோடு நிற்கிற பெயர்களில் எவை புதியதில் "முன் பாக்கி" என்று ஏறவில்லை என்று பாருங்கள். ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

ஆனாலும் கடனால் உண்மையிலேயே நொடித்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடையாளம் வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஆளின் முன் பாக்கி ஏறிக்கொண்டே போகும். வரவு வந்தாலும் அது பழைய பாக்கியைத் தொடாது. பத்துப் பதினைந்து வாடிக்கைக்காரர்களை எடுத்து, நான்கு நோட்டிலும் அவர்களுடைய முன் பாக்கியை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். ஏறி இறங்கினால் கடை ஆரோக்கியமாக இருந்தது. விடாமல் ஏறினால் உங்கள் வீட்டுப் பேச்சில் உண்மை இருக்கிறது. அதே சமயம், எந்தப் பக்கமும் பாக்கி முழுதாகத் தீராமல் ஒன்றிரண்டு ரூபாய் நின்றுகொண்டே இருந்தால் கவலைப்படாதீர்கள். ஆண்டு நடுவில் ஒருவர் கடைசிக் காசுவரை பைசல் செய்தால் அவர் கடை மாறப்போகிறார் என்றுதான் அண்ணாச்சி கவலைப்படுவார்.

அடுத்து, மொத்த வியாபாரிகளின் பக்கங்களைத் தேடுங்கள். அவை நோட்டின் பின்பகுதியில் இருக்கும். பருப்பு, வற்றல், மல்லி, எண்ணெய் விருதுநகரிலிருந்தோ திருநெல்வேலி டவுனிலிருந்தோ வரும், உப்பு தூத்துக்குடியிலிருந்து, மிளகு, ஏலம் செங்கோட்டை வழியாக. அவர்களும் சில வாரத் தவணையில்தான் சரக்குப் போடுவார்கள், வசூலுக்கு ஆள் வரும். ஊரார் அறுவடைக்குத்தான் தருவார்கள், மொத்த வியாபாரி அதுவரை காத்திருக்க மாட்டார். இந்த இடைவெளியைத் தாங்குவதுதான் பலசரக்குக் கடைக்காரரின் முழுத் திறமையும். புளியைப் பங்குனி, சித்திரையில் விளையும்போதே வாங்கி உப்புப் போட்டு அடைத்து வைக்க வேண்டும். ஆண்டு முழுதும் விற்க வேண்டும். பணம் அதில் முடங்கும். ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும். வற்றல் காய்ந்து எடை குறையும். இத்தனைக்கும் நடுவே மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாமல் கொடுத்திருந்தால் அந்தக் கடை நன்றாக நடந்த கடை. கடைசி இரண்டு ஆண்டில் அந்தப் பக்கங்களில் பாக்கி நீண்டிருந்தால் அப்போதுதான் ஏதோ கோளாறு. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கி போன்றவற்றின் பெயர் இருந்தால், ஓவர்டிராப்ட் வாங்கினாரா என்பதையும் பார்க்கலாம். மகமை என்று சிறு தொகைகள் வந்தால் அது சங்கத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ வியாபாரத்தில் விகிதம் வைத்துக் கொடுத்த பங்கு. கடன் என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். "சொந்தப் பற்று" அல்லது "வீட்டுச் செலவு" என்ற தலைப்பில் கடையிலிருந்து குடும்பத்துக்கு எடுத்தது அங்கே இருக்கும். பெண் கல்யாணம், பாளையங்கோட்டையில் பையன் படிப்பு, ஆஸ்பத்திரி, நிலம் வாங்கியது, எல்லாம். நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த கடைகளில் மூடியவை பலவற்றில், ஊர்ப் பாக்கியைவிடச் சொந்தப் பற்று பெரிதாக இருந்தது. முதலாளி தவறு செய்தார் என்று சொல்லவில்லை. கடை எதற்காக நடந்ததோ அதற்காகச் செலவாயிற்று. அந்தப் படிப்பால் வேலைக்குப் போன பிள்ளைகளே பிற்பாடு "அப்பா கடன் கொடுத்துக் கெட்டார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தது கடைசி நோட்டு மட்டும்.

கடனுக்கு அவர் விலையைக் கூட்டி வைத்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் கடைக்குக் கடை வழக்கம் மாறும். ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை வைத்தவர்கள் உண்டு. ஒரே விலையில் நின்றவர்களும் உண்டு. ஒரே நாளில் ஒரே சரக்கு இரண்டு பேர் பக்கத்தில் இரண்டு விலையில் இருந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் தரம் வேறாக இருந்திருக்கலாம் என்பதால் ஓரிடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிறகு ஏன் இந்தக் கடைகள் மூடின என்றால், எனக்குத் தெரிந்து ஒரே காரணம் இல்லை. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து ரேஷன் கடைகள் பெருகிய பிறகு அரிசி விற்பனை குறைந்தது. உடைத்து நிறுத்துக் கொடுத்த சரக்கெல்லாம் பாக்கெட்டில் வந்தது. அதில் கடைக்காரருக்கு நிற்கிற லாபம் கம்பெனி விட்டுக்கொடுக்கிற அளவுதான். பஸ் வசதி பெருகி ஆட்கள் டவுனுக்குப் போய் வாங்கினார்கள். ஆனால் என் கருத்தைக் கேட்டால், காலை ஐந்து மணிக்குப் பலகை கழற்றி இரவு பத்துவரை கல்லாவில் உட்கார வீட்டில் அடுத்த ஆள் இல்லாமல் போனதையே முதலில் சொல்வேன். பாக்கி வசூலாவதும் அதோடு நின்றுவிடும். பற்று நோட்டில் இருக்கிற பணம், நாளைக்கும் அங்கே அரிசி வாங்கப் போக வேண்டும் என்கிற நிலை இருக்கிறவரைதான் வரும். கடை மூடிய மறுநாள் அதைக் கேட்டுப் போனவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன்.

அந்தப் பாக்கியை இப்போது கேட்க முடியுமா என்று உங்கள் மாமா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல. ஆனாலும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டோ பகுதி செலுத்தியோ இருந்தால் மட்டும் அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். உங்கள் நோட்டுகளுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், தலைமுறை மாறிய வாசலில் போய் நின்று கேட்பது உங்கள் தாத்தாவுக்குப் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நோட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இராமபாணப் பூச்சி முதலில் பசை தடவிய முதுகைத்தான் தின்னும். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். நிழலில் உலரவிட்டு, வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து கூடவே வையுங்கள். பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் கேட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரின் கூலி, விலை, உணவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற ஆவணம் இது.

ஒரு வேண்டுகோள். படங்களைப் பொதுவில் போடும்போது ஆள் பெயர்களை மறைத்துவிடுங்கள். பழைய நோட்டுகளில் பெயரோடு சாதி, தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே ஊரில் இருக்கின்றன. எனக்குக் காட்ட விரும்பினால், தொடர்ந்து வாங்கிய ஒருவரின் பக்கம் நான்கு நோட்டிலிருந்தும், மொத்த வியாபாரி ஒருவரின் பக்கம், சொந்தப் பற்றுப் பக்கம், இவை போதும். ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆண்டு அங்கேதான் எழுதியிருக்கும்.